கரைக்குக் கீழே நடந்து பாருங்கள்: சொந்தமாகச் சிறு மண் அணை வைத்திருப்பவர்களுக்கு

அணைப் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்த அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. எங்கள் பாசன அணையை 'உயர் ஆபத்து' பிரிவில் சேர்த்திருப்பதாக இரண்டு பக்கம் எழுதியிருந்தார்கள். அப்பா கட்டிய கரை. முப்பத்தெட்டு வருஷமாக நிற்கிறது. ஒரு தடவைகூட உடைந்ததில்லை. கடிதத்தைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு நேராக அலுவலகத்துக்குப் போனேன். "சார், வந்து பாருங்க. கரையில ஒரு விரிசல் காட்டுங்க, நான் ஒத்துக்கறேன்" என்றேன்.

அங்கிருந்த பொறியாளருக்கு என்னைவிட இருபது வயது குறைவாக இருக்கும். நான் பேசி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டுச் சொன்னார்: "ஐயா, கரை மோசம்னு நாங்க எழுதவே இல்லையே. கரைக்குக் கீழே கடைசியா எப்ப நடந்து பார்த்தீங்க?"

பதில் சொல்ல முடியவில்லை. கரைமேல் ஆயிரம் முறை நடந்திருக்கிறேன். கீழே ஓடைவழியாக அரை கிலோமீட்டர்கூடப் போனதில்லை.

நான் கணக்கெழுதிப் பிழைத்தவன், பொறியாளன் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு நாலு வருஷம் இந்த விஷயத்தோடு மல்லுக்கட்டியதில் கற்றதை எழுதுகிறேன். உங்களிடமும் இப்படி ஒரு கரை இருந்தால் உதவும்.

பிரிவு எதைச் சொல்கிறது

முதலில் இதைப் பிரித்துப் புரிந்துகொள்ளுங்கள். ஆபத்துப் பிரிவு என்பது அணையின் ஆரோக்கியத்துக்குப் போட்ட மதிப்பெண் இல்லை. 'இந்த அணை உடைந்தால் கீழே என்ன ஆகும்' என்ற ஒரே கேள்விக்கான பதில் அது. உடையுமா உடையாதா என்பது அந்தக் கேள்விக்குள் வரவே வராது. நேற்றுக் கட்டி முடித்த அருமையான கரைக்கும் உயர் ஆபத்துப் பிரிவு கிடைக்கலாம். இடிந்து கிடக்கும் கரைக்குத் தாழ் ஆபத்துப் பிரிவும் கிடைக்கலாம்.

பெரும்பாலான இடங்களில் மூன்று படிகள் இருக்கும். உடைந்தால் பெரும்பாலும் உரிமையாளரின் நிலத்துக்கு மட்டும் சேதம் என்றால் தாழ்வு. உயிர் போகும் என்று எதிர்பார்க்க முடியாது, ஆனால் சாலை, மின்கம்பம், அடுத்தவர் சொத்து, சுற்றுச்சூழல் பாதிக்கப்படும் என்றால் நடுத்தரம். ஓர் உயிராவது போக வாய்ப்புண்டு என்றால் உயர்வு. அமெரிக்காவின் வழிகாட்டு நெறிகளில் இந்த மூன்றும் அப்படியே இருக்கின்றன. மற்ற நாடுகளில் பெயரும் எண்ணிக்கையும் மாறும், உள்ளே இருக்கும் எண்ணம் இதுதான். ஓர் உயிர் போதும் என்பதைக் கவனியுங்கள். ஒரே ஒரு வீடு உங்கள் அணையின் பிரிவை மாற்றிவிடும்.

கரையின் நிலைமையைத் தனியாக மதிப்பிடுவார்கள்: திருப்தி, பரவாயில்லை, மோசம் என்கிற மாதிரி. நான் கோபித்துக்கொண்டு போனது இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டதால். நிறையப் பேர் குழப்பிக்கொள்கிறார்கள். 'தாழ் ஆபத்து' என்று கடிதம் வந்ததும் நிம்மதியாகத் தூங்கப் போகிறவர்கள் என்னைவிட மோசமாகக் குழம்பியவர்கள்.

ஹவாயின் கவாய் தீவில் கா லோகோ என்று ஓர் அணை. 1890இல் பாசனத்துக்காகக் கட்டிய மண் கரை, தனியார் உடைமை. அரசின் பட்டியலில் அது தாழ் ஆபத்துப் பிரிவில்தான் இருந்தது. பல வாரம் விடாத மழைக்குப் பிறகு 2006 மார்ச் 14 அதிகாலை உடைந்தது. கீழே ஏழு பேர் இறந்தார்கள். ஏட்டில் இருந்த பிரிவு அந்த ஏழு பேரையும் கணக்கில் எடுக்கவில்லை.

முதலில் அளந்துகொள்ளுங்கள்

உங்களிடம் இருக்க வேண்டிய எண்கள் கொஞ்சம்தான். கரையின் உயரம், நீளம், மேல் அகலம், கலிங்கின் (மிகுதி நீர் வழிந்து வெளியேறும் வாய்) அகலம், கலிங்கு மட்டத்திலிருந்து கரைமேல்மட்டம் வரையான இடைவெளி, நீர்ப்பரப்பு, ஆழம், மதகுக் குழாயின் (பாசனத்துக்குத் தண்ணீர் திறந்துவிடும் குழாய்) விட்டம்.

உயரத்தைத் தண்ணீர்ப் பக்கத்திலிருந்து அளக்காதீர்கள். கீழ்ப்பக்கக் கரையடியில் பழைய ஓடை ஓடிய மிகத் தாழ்ந்த புள்ளியிலிருந்து கரைமேல் வரை அளக்க வேண்டும். கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவல் ஒன்று, அளவு போட்ட இரண்டு குச்சி, கூட ஓர் ஆள். சரிவில் படிப்படியாக இறங்கி, ஒவ்வொரு படியின் வித்தியாசத்தையும் எழுதிக் கூட்டினால் போதும். எங்கள் கரை 7 மீட்டர் வந்தது. அப்பா வாழ்நாள் முழுக்க "அஞ்சு மீட்டர்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சும்மா கண்ணளவு.

கொள்ளளவுக்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு: நிறைந்த நிலையில் நீர்ப்பரப்பு, அதைக் கரையோரத்து அதிகபட்ச ஆழத்தால் பெருக்கி, 0.4ஆல் பெருக்குங்கள். எங்களுக்கு 1.6 ஹெக்டேர், அதாவது 16,000 சதுர மீட்டர். ஆழம் 6 மீட்டர். பெருக்கினால் 38,400 கன மீட்டர். வண்டல் படிந்திருந்தால் இன்னும் குறையும், ஆனால் இந்த வேலைக்குக் கூட்டிச் சொல்வதே நல்லது.

இந்த இரண்டு எண்கள்தான் சட்டம் உங்களைத் தொடுகிறதா என்பதையும் சொல்லும். நாட்டுக்கு நாடு கோடு வேறு. இங்கிலாந்தில் இயற்கைத் தரைமட்டத்துக்கு மேல் 25,000 கன மீட்டர் தேங்கினால் சட்டத்துக்குள் வரும். நியூசிலாந்தில் 4 மீட்டர் உயரமும் 20,000 கன மீட்டரும். தென்னாப்பிரிக்காவில் 5 மீட்டரைத் தாண்டிய உயரமும் 50,000 கன மீட்டரைத் தாண்டிய கொள்ளளவும் சேர வேண்டும். இந்தியாவின் 2021ஆம் ஆண்டு அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்டவற்றையும், 10 முதல் 15 மீட்டர் வரை சில நிபந்தனைகளோடும் எடுத்துக்கொள்கிறது. ஆக என்னுடைய 38,400 ஓரிடத்தில் உள்ளே, இன்னோரிடத்தில் வெளியே. வெளியே இருந்தால் உங்களுக்குக் கடிதம் வராது, அவ்வளவுதான். தண்ணீர் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு ஓடாது.

அளக்கும்போது நான் கண்டுபிடித்த ஒன்றைச் சொல்ல வேண்டும். கரைமேல்மட்டத்தைப் பத்து மீட்டருக்கு ஒரு புள்ளியாக அளந்துகொண்டு போனேன். நடுவில், டிராக்டர் போய்ப் போய், 35 சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தது. கண்ணுக்குத் தெரியவே இல்லை. கலிங்குக்கும் கரைமேலுக்கும் ஒரு மீட்டர் இடைவெளி இருப்பதாக நம்பிக்கொண்டிருந்தேன். உண்மையில் இருந்தது 65 சென்டிமீட்டர். கரையின் சராசரி உயரம் எதற்கும் உதவாது, தண்ணீர் மிகத் தாழ்ந்த இடத்தில்தான் ஏறிக் குதிக்கும்.

கீழே நடப்பது

இதுதான் முக்கியம். ஒரு நாள் முழுக்க ஒதுக்குங்கள். முதலில் செயற்கைக்கோள் படத்தில் ஓடைவழியைப் பாருங்கள், ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். மரத்தடியில் இருக்கும் கொட்டகை படத்தில் தெரியாது. கையில் நோட்டு, டேப், போன். எதுவரை நடப்பது? உங்கள் அணையின் தண்ணீர் முழுக்க வந்தாலும் ஒரு பெரிய ஆறோ நீர்த்தேக்கமோ அதை உறுத்தாமல் வாங்கிக்கொள்ளும் இடம்வரை.

எழுத வேண்டியவை: வீடுகள், ஒவ்வொன்றின் தரை ஓடைப்படுகையிலிருந்து எத்தனை உயரம் என்று. சாலை, தரைப்பாலம், குழாய்ப்பாலம். மின்கம்பம், பம்பு அறை. மனிதர்கள் தங்கும், தூங்கும், வேலை செய்யும் இடம், அது வருஷத்தில் பத்து நாள் மட்டுமே என்றாலும். அப்புறம் உங்களுக்குக் கீழே இருக்கும் வேறு அணைகள்.

கடைசி இரண்டும் எத்தனை முக்கியம் என்பதற்கு அமெரிக்காவின் கொலராடோவில் நடந்ததைப் பாருங்கள். லான் லேக் அணை, 1903இல் கட்டியது, பாசனத்துக்கானது, தனியாருடையது, உயரம் சுமார் 8 மீட்டர், மலைமேல் தேசியப் பூங்காவுக்குள். 1982 ஜூலை 15 விடிகாலையில் உடைந்தது. கீழே ஊர் இருந்தது, ஆனால் இறந்த மூன்று பேரும் கூடாரம் போட்டுத் தங்கியிருந்தவர்கள். குடியிருப்புக் கணக்கில் வராத மனிதர்கள். வழியில் இருந்த இன்னொரு சிறு கான்கிரீட் அணையையும் அந்த வெள்ளம் உடைத்துத் தள்ளியது. மேலே ஒன்று போனால் கீழே உள்ளதும் சேர்ந்து போகும், அப்போது வெள்ளம் புதிதாகப் பலம் பெறும்.

நான் நடந்தது 4.2 கிலோமீட்டர். 1.1 கிலோமீட்டரில் இரண்டு வீடுகள். ஒன்றின் தரை ஓடைப்படுகையிலிருந்து 80 சென்டிமீட்டர்தான் உயரம். இரண்டு கிலோமீட்டரில் ஒரு குழாய்ப்பாலம். அதையடுத்து அறுவடைக் காலத்தில் ஆட்கள் படுக்கும் ஒரு கொட்டகை. மூன்றாவது கிலோமீட்டரில் வேறொருவரின் சிறு அணை. அப்பா கரை போட்டபோது இவற்றில் எதுவும் இல்லை. தாழ்ந்த வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்த அக்காவிடம், "அக்கா, இந்த வீடு எப்பக் கட்டினீங்க?" என்று கேட்டேன். "பன்னெண்டு வருஷம் ஆச்சு தம்பி. ஏன், மேல இருக்கற அந்த ஏரி உங்களுதா?" என்றார். அவருக்கு என் அணை தெரிந்திருந்தது. எனக்கு அவர் வீடு தெரியவில்லை.

நம் கரை ஓர் அங்குலம்கூட மாறாமல் அதன் பிரிவு ஏறிவிடுவது இப்படித்தான். அதனால்தான் ஒருமுறை கொடுத்த பிரிவு நிரந்தரம் இல்லை. ஐந்து வருஷத்துக்கு ஒருமுறையாவது நடந்து பாருங்கள். இடையில் கீழே அஸ்திவாரம் தோண்டுவது தெரிந்தால் அன்றைக்கே போங்கள். அவர்கள் கட்டி முடிப்பதற்கு முன் பேசினால், இருபது மீட்டர் மேட்டுப்பக்கம் தள்ளிக் கட்டச் சொல்லலாம்.

எவ்வளவு தண்ணீர், எவ்வளவு நேரம்

அதிகாரபூர்வமான கணக்கைப் பொறியாளர்தான் போட வேண்டும். ஆனால் ஒரு தோராயம் தெரிந்துகொண்டால் பிரிவு ஏன் அப்படி வந்தது என்பது புரிந்துவிடும். உடைந்த அணைகளின் பதிவுகளைத் திரட்டி 1995இல் ஃப்ரோலிக் என்ற பொறியாளர் ஒரு சூத்திரம் வெளியிட்டார். கொள்ளளவின் 0.295 அடுக்கு, நீர் உயரத்தின் 1.24 அடுக்கு, இரண்டையும் பெருக்கி, அதை 0.607ஆல் பெருக்கினால் உச்ச வெள்ளம் வினாடிக்கு இத்தனை கன மீட்டர் என்று வரும். போன் கால்குலேட்டரைச் சாய்த்துப் பிடித்தால் அடுக்குப் பொத்தான் தெரியும். எங்களுடையதற்குப் போட்டேன்: வினாடிக்கு 126 கன மீட்டர்.

126 என்றால் எவ்வளவு என்று எனக்கும் முதலில் பிடிபடவில்லை. ஓடையைப் போய் அளந்தேன். 4 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழம். கரை நிறைய, வினாடிக்கு ஒன்றரை மீட்டர் வேகத்தில் ஓடினாலும் 6 கன மீட்டர்தான் கொள்ளும். மிச்சம் 120 கன மீட்டரும் அக்கா வீட்டு வாசலில்.

உடைப்பு முழுதாகத் திறக்க எவ்வளவு நேரம் என்பதற்கும் அவருடைய சூத்திரம் ஒன்று உண்டு. அது எங்களுக்குச் சுமார் 8 நிமிடம் என்றது. வெள்ளம் வினாடிக்கு 2 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் 1.1 கிலோமீட்டரைத் தாண்ட 9 நிமிடம். வேகமாக ஓடும் தண்ணீர் ஒரு அடி இருந்தாலே சிறிய காரைத் தூக்கிக்கொண்டு போய்விடும், இரண்டடி இருந்தால் பெரிய வண்டிகளையும். இந்த மூன்றையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்த பிறகு, 'உயர் ஆபத்து' என்ற வார்த்தைமேல் எனக்கு இருந்த கோபம் போய்விட்டது. பிரிவைக் குறைக்கச் சொல்லி எழுதி வைத்திருந்த மனுவைக் கொடுக்கவே இல்லை.

மறுப்பதற்கு நியாயம் இருக்கும் சந்தர்ப்பமும் உண்டு. கணக்கில் எடுத்த வீடு இடிந்துபோயிருக்கலாம், கொள்ளளவைத் தவறாக எடுத்திருக்கலாம். அப்போது உங்கள் அளவுகளோடும் படங்களோடும் போய்க் கேளுங்கள். 'இத்தனை வருஷம் உடையலையே' என்பது மட்டும் அங்கே எடுபடாது.

கலிங்கு

உயர் பிரிவுக்கு ஏறினால் முதல் அடி விழுவது கலிங்கின்மேல். தாழ் பிரிவு அணையின் கலிங்கு நூறாண்டு வெள்ளம் அளவுக்குத் தாங்கினால் போதும் என்று பல இடங்களில் விட்டுவிடுவார்கள். உயர் பிரிவு என்றால் அந்த நீர்ப்பிடிப்பில் வரச் சாத்தியமான அதிகபட்ச வெள்ளம்வரைகூடக் கேட்பார்கள். நூறாண்டு வெள்ளம் என்றால் நூறு வருஷத்துக்கு ஒருமுறை முறைவைத்து வருவது இல்லை. ஒவ்வொரு வருஷமும் நூற்றில் ஒன்று வாய்ப்பு. முப்பது வருஷத்தில் ஒருமுறையாவது வர 26 சதவீத வாய்ப்பு.

மண் அணைகள் உடைவதில் மிகப் பெரும்பங்குக்கு இரண்டே காரணங்கள்: கரைமேல் தண்ணீர் ஏறி வழிவது, கரைக்குள் மண் அரித்துக்கொண்டு போவது. முதலாவதைத் தடுப்பது கலிங்கு. கா லோகோவை விசாரித்த அறிக்கை சுட்டியதும் கலிங்கு மூடிக் கிடந்ததைத்தான்.

என் தவறையும் சொல்லிவிடுகிறேன். கோடைக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தேக்கலாமே என்று கலிங்கின் குறுக்கே 30 சென்டிமீட்டருக்குப் பலகை அடித்திருந்தேன். எட்டு வருஷமாக. அது என்ன செய்தது என்று கணக்குப் பார்ப்போம். அகன்ற கலிங்கில் வழியும் நீர் தோராயமாக 1.7, பெருக்கல் அகலம், பெருக்கல் ஆழத்தின் ஒன்றரை அடுக்கு. எங்கள் கலிங்கு 6 மீட்டர் அகலம். அப்பா நினைத்தபடி ஒரு மீட்டர் ஆழத்துக்கு வழிந்தால் வினாடிக்கு 10.2 கன மீட்டர் வெளியேறும். கரை நடுவில் 35 சென்டிமீட்டர் தாழ்ந்ததால் கிடைக்கும் ஆழம் 65 சென்டிமீட்டர், அதாவது 5.3 கன மீட்டர். அதிலும் பலகைக்கு 30 போனால் மிஞ்சுவது 35. இப்போது வெளியேறுவது 2.1 கன மீட்டர்தான். ஐந்தில் ஒரு பங்கு. டிராக்டர் பாதியைத் தின்றது, மீதியில் பாதிக்கு மேல் நான் தின்றேன்.

பலகையை அன்றைக்கே பிடுங்கினேன். கரையின் தாழ்ந்த இடத்தைப் பொறியாளர் சொன்ன மண்ணைக் கொண்டு, மெல்லிய அடுக்குகளாகப் போட்டுத் திமிசு அடித்து உயர்த்தினோம். கலிங்கை 14 மீட்டருக்கு அகலப்படுத்தினோம். எல்லாருக்கும் இது முடியாது. முடியாதவர்களுக்கு வேறு வழிகளும் உண்டு. கலிங்கு மட்டத்தையே தாழ்த்திக் குறைவாகத் தேக்கலாம். கரையை உயரம் குறைக்கலாம். கடைசியாக, முறைப்படி வெட்டித் திறந்துவிடலாம். தேக்குவதில் ஒரு மீட்டர் குறைத்தால் பாசனம் எவ்வளவு போகும் என்று முதலில் கணக்குப் பாருங்கள். பலருக்கு அது பயந்த அளவு இருப்பதில்லை.

கலிங்கில் மீன் தப்பாமல் வலை கட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கட்டாதீர்கள். முதல் வெள்ளத்தில் வரும் சருகும் கொப்பும் அதைச் சுவராக்கிவிடும்.

கசிவு

மண் கரை என்றால் கசியும். கசிவைப் பார்த்துப் பயப்படாதீர்கள், கசிவு மாறினால் பயப்படுங்கள். தெளிவாக, ஒரே அளவில் வருஷக்கணக்காக வரும் நீர் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. கலங்கிய நீர் கரையைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுத்து வருகிறது.

கரையடியில் கசிவை ஒரு சிறு வாய்க்காலில் திரட்டி, ஒரு குழாய்த் துண்டு வழியாக விழச் செய்யுங்கள். அடியில் 10 லிட்டர் வாளி. நிறைய எத்தனை வினாடி? 40 வினாடி என்றால் நிமிடத்துக்கு 15 லிட்டர். பக்கத்திலேயே அன்றைய நீர்மட்டத்தையும் எழுதுங்கள், இல்லாவிட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. மட்டம் ஏறினால் கசிவு ஏறுவது இயல்பு. மட்டம் அதே இருக்க, போன வருஷம் 15, இந்த வருஷம் 22 என்றால் பொறியாளரைக் கூப்பிடுங்கள். கலங்கல் தெரியக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து ஓர் இரவு அசையாமல் வையுங்கள். காலையில் அடியில் மண் படிந்திருந்தால் அப்போதே கூப்பிடுங்கள்.

தேட வேண்டிய இடங்கள்: கரையடி, கரை இரண்டு பக்கமும் மேட்டோடு சேரும் மூலைகள், எல்லாவற்றுக்கும் மேலாக மதகுக் குழாய் வெளிவரும் இடம். குழாயைச் சுற்றி மண்ணை இறுக்குவது கஷ்டம், அதனால் நீர் அதையொட்டி வழி தேடும். லான் லேக் போனதும் மதகுக் குழாய் வால்வோடு சேரும் இணைப்பில் அடைத்திருந்த ஈயம் கெட்டுக் கசிந்ததால்தான். எங்கள் இரும்புக் குழாய்க்கு வால்வு கீழ்ப்பக்க முனையில் இருந்தது. அப்படியென்றால் வருஷம் முழுக்க கரையின் வயிற்றுக்குள் அழுத்தத்தோடு தண்ணீர் நிற்கிறது. குழாயில் துரு ஓட்டை விழுந்தால் அது நேராகக் கரைக்குள் பீய்ச்சும். வால்வு மேல்பக்கம், தண்ணீர்ப் பக்கம் இருக்க வேண்டும். மாற்றும்போது ஒப்பந்தக்காரர் ஒருவர் குழாயைச் சுற்றிக் கான்கிரீட் காலர் போட்டால் போதும் என்றார். இப்போதைய முறை அது இல்லை. குழாயைச் சுற்றிக் கீழ்ப்பக்கத்தில் சரியாகத் தேர்ந்த மணலால் ஒரு வடிகட்டித் திரை வைக்கிறார்கள். நீர் போகும், மண் நிற்கும்.

கீழ்ப்பக்கத்தில் கசிவு வாயைக் களிமண் வைத்து அடைக்கவே கூடாது. இது எல்லாருக்கும் முதலில் தோன்றும் யோசனை, எனக்கும் தோன்றியது. அடைத்தால் நீர் உள்ளே அழுத்தம் சேர்த்துக்கொண்டு வேறிடத்தில் வெடிக்கும். மேலே மணலும், அதன்மேல் சரளையும் போட்டு, நீரை விட்டு மண்ணைப் பிடிக்க வேண்டும். தரையில் மணல் கொப்புளிக்கும் ஊற்று கிளம்பினால் சுற்றி மணல்மூட்டை வளையம் கட்டி, உள்ளே நீர் கொஞ்சம் ஏற விடுங்கள். கொப்புளிப்பு அடங்கித் தெளிவாக வந்தால் போதும், முழுதாக நிறுத்த முயலாதீர்கள்.

மீதி எல்லாம் சுருக்கமாக. மாதம் ஒருமுறை, பெருமழைக்குப் பின் ஒருமுறை, சரிவுகளில் குறுக்கும் நெடுக்குமாக நடங்கள். காலை, மாலைச் சாய்வெயிலில் பார்த்தால் புடைப்பும் பள்ளமும் நிழல் காட்டும். காய்ந்த காலத்தில் ஓரிடம் மட்டும் பச்சையாக இருந்தால் அங்கே ஈரம் வருகிறது. கரைக்குக் குறுக்கே ஓடும் விரிசல் நீளவாட்டு விரிசலைவிட மோசம், அது தண்ணீருக்கு நேர்வழி. நீளவாட்டு விரிசல் சரிவு நழுவுவதன் ஆரம்பமாக இருக்கலாம். இரண்டு முனையிலும் முளை அடித்துத் தேதி எழுதுங்கள். எலி வளை, கறையான் புற்று எதையும் விடாதீர்கள். மரம் வேண்டாம். நான் நிழலுக்கென்று ஏழு மரம் வைத்திருந்தேன். வேர் செத்து மட்கினால் அது கரைக்குள் குழாய். சின்னச் செடியென்றால் பிடுங்கிவிடலாம். பெரிய மரத்தின் தூரைத் தண்ணீர் நிற்கும்போது தோண்டாதீர்கள், பொறியாளரைக் கேட்டுச் செய்யுங்கள். புல் போதும், அதையும் குட்டையாக வெட்டி வையுங்கள். தண்ணீரைக் குறைக்கும்போது நாளுக்கு ஒரு அடிக்குமேல் இறக்காமல் இருந்தால் நல்லது. வேகமாக இறக்கினால் நனைந்து கனத்த உள்சரிவு தாங்கலில்லாமல் சரியும். உயிராபத்து அவசரம் என்றால் இந்தக் கட்டுப்பாடு பொருந்தாது.

யாரை எழுப்புவது

உயர் பிரிவு என்றால் அவசரத் திட்டம் எழுதித் தரச் சொல்வார்கள். பக்கம் பக்கமாக எழுதித் தருகிறவர்களும் உண்டு. அலுவலகத்துக்கு அதைக் கொடுங்கள். உங்களுக்கு ஒரே தாள் போதும். எங்கள் தாளில் மூன்று வரி: 'கவனி', 'தயார்', 'ஓடு'. கசிவு கூடினாலோ கலிங்கில் அரை மீட்டர் வழிந்தாலோ கவனி. கசிவு கலங்கினாலோ கரைமேலுக்கு 30 சென்டிமீட்டரே மிச்சம் என்றாலோ தயார், கீழே எல்லாருக்கும் போன் போகும். கரைமேல் தண்ணீர் ஏறினால், குறுக்கு விரிசலில் நீர் வந்தால், கரை உள்வாங்கினால் ஓடு. உங்கள் அணைக்கு இந்த அளவுகளைப் பொறியாளரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்.

வரிசையை மாற்றாதீர்கள். முதலில் போன், அப்புறம் மணல்மூட்டை. ஒன்பது நிமிடம்தான் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். கரையைக் காப்பாற்ற ஓடுகிற மனிதனுக்கு அந்த ஒன்பதும் போவது தெரியாது. இரண்டு பேர் இருந்தால் ஒருவர் போனுக்கு மட்டும். கீழே இருப்பவர்களிடம் எந்த மேடு, எந்த வழி என்று நேரில் காட்டிவிட்டு வாருங்கள். 'என் போனுக்குக் காத்திருக்க வேண்டாம், ஓடை சத்தம் மாறினால் கிளம்புங்கள்' என்றும் சொல்லுங்கள். இரவு ஒருமுறை சோதித்துப் பார்க்க வேண்டும். நாங்கள் பார்த்தபோது ஐந்து எண்களில் இரண்டு வேலை செய்யவில்லை. கொட்டகைக்கு எண்ணே இல்லை. இப்போது அறுவடை தொடங்கும் வாரம் அங்கே போய் மேஸ்திரியின் எண்ணை வாங்கிக்கொள்கிறேன்.

தாள் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறது, இன்னொன்று பம்பு அறையில். போன மாதம் அந்த அக்கா கூப்பிட்டார். "தம்பி, பையன் வேலையை விட்டுட்டு வீட்டோட வந்துட்டான். உங்க லிஸ்ட்ல எங்க வீட்டுக்கு மூணுன்னு போட்டிருப்பீங்க, நாலுன்னு மாத்திக்கோங்க" என்றார். மாற்றிவிட்டு, பையனின் எண்ணையும் கேட்டு எழுதிக்கொண்டேன்.